கொழுப்புக் கணக்கு போதும், கொஞ்சம் நடக்க விடுங்கள்!

வீட்டில் ஒருவருக்கு டயாலிசிஸ் ஆரம்பித்துவிட்டால் போதும், இரண்டு சட்டங்கள் உடனே அமலுக்கு வந்துவிடும். ஒன்று, 'அசையாம படுத்திருங்க.' இரண்டு, 'முட்டை பக்கமே போகாதீங்க, கொழுப்பு ஏறிடும்.' போதாக்குறைக்கு, 'கொழுப்பைக் கரைக்க மருதம்பட்டைக் கஷாயம் கொடுங்க டாக்டர்' என்று கேட்பவர்களை எங்கள் கடத்தூரில் அடிக்கடி பார்க்கிறேன். மூன்றுமே தவறு என்பது என் கருத்து.

'சித்த வைத்தியரே கஷாயம் வேண்டாம் என்கிறாரே!' என்று நினைக்கிறீர்களா? டயாலிசிஸ் செய்துகொள்பவருக்குச் சிறுநீர் பிரிவது குறைவு. கஷாயத்தின் நீரும், மூலிகையிலுள்ள பொட்டாசியமும் அடுத்த டயாலிசிஸ் வரை உடம்பிலேயே தங்கும். பொட்டாசியம் எல்லை மீறினால் இதயத் துடிப்பே நின்றுபோகலாம். இளநீர், வாழைத்தண்டுச் சாறு இவற்றுக்கும் இதே எச்சரிக்கைதான்.

சரி, கொழுப்புக்கு வருவோம். ஜெர்மனியில் டயாலிசிஸில் இருந்த 1,255 சர்க்கரை நோயாளிகளிடம் நடத்திய ஆய்வு 2005-ல் வெளியானது. அடர்வோஸ்டாட்டின் மாத்திரையால் கெட்ட கொழுப்பு 42 சதவீதம் குறைந்தது. ஆனால் மாரடைப்பு, பக்கவாதம், இதய நோய் மரணம் ஆகியவற்றின் மொத்தக் கணக்கு சொல்லும்படி குறையவில்லை! ஏன்? இவர்களின் இதயத்தை வாட்டுவது கொழுப்பு மட்டுமல்ல. ரத்த அழுத்தம், தேங்கும் நீர், ரத்தக்குழாயில் படியும் சுண்ணாம்பு எல்லாமும்தான். அதற்காக, ஏற்கெனவே சாப்பிடும் மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். அது உங்கள் சிறுநீரக டாக்டரின் முடிவு.

சாப்பாட்டைக் குறைத்துக் கொழுப்பு இறங்கினால் மகிழவும் வேண்டாம். அது உடம்பு கரைவதன் அடையாளமாக இருக்கலாம். டயாலிசிஸ் தொடங்கியபின் புரதத் தேவை கூடுகிறது. கிலோ எடைக்கு 1 முதல் 1.2 கிராம் வரை வேண்டும். 50 கிலோ எடையுள்ளவருக்கு தினமும் 50 முதல் 60 கிராம்! முட்டையின் வெள்ளைக்கரு இதற்கு நல்ல துணை.

இனி நடை. இத்தாலியில் 2017-ல் வெளியான ஆய்வில், டயாலிசிஸ் இல்லாத நாட்களில் தலா 10 நிமிடம் இருவேளை நடக்கச் சொன்னார்கள். ஆறு மாதத்தில், 6 நிமிடத்தில் நடக்க முடிந்த தூரம் சராசரியாக 328 மீட்டரிலிருந்து 367 ஆனது. '39 மீட்டர் ஒரு பெரிய விஷயமா?' என்று கேட்காதீர்கள். டயாலிசிஸுக்காக தர்மபுரிக்குப் பஸ் ஏறுகிறவருக்கு, யார் கையையும் பிடிக்காமல் பஸ் ஸ்டாண்டுக்குள் நடந்துபோகும் தெம்பு அது!

முதலில் டாக்டரிடம் அனுமதி கேளுங்கள். ஆரம்பத்தில் 5 நிமிடம் போதும். காலையோ மாலையோ, வெயில் இல்லாத நேரமாக இருக்கட்டும். செருப்பு அவசியம். ஊசி போடும் ஃபிஸ்டுலா கையில் கனமான பை, குடம் தூக்கக் கூடாது. மூச்சு வாங்கினாலோ, கால் வீங்கியிருந்தாலோ அன்று நடை வேண்டாம். நெஞ்சு வலித்தால், தலை சுற்றினால் உடனே நிறுத்திவிட்டு மருத்துவமனைக்குப் போங்கள்.

வீட்டிலுள்ளவர்களே, நோயாளிக்கு நீங்கள் தர வேண்டியது இன்னொரு தலையணை அல்ல. கூடவே நடந்து வரும் துணை!