பனியே இல்லாத ஊருக்கு ஸ்கீ எதுக்காம்!

குளிர்கால ஒலிம்பிக்ஸ் பேச்சு வந்தாலே எங்க அம்பத்தூர் டீக்கடையில ஒருத்தர் ஆரம்பிச்சிடுவார். "103வது இடம் வர்றதுக்கு எதுக்கு சார் போகணும்? தண்டச்செலவு!" கூட நாலு பேர் கெக்கெக்கேன்னு சிரிப்பாங்க. எனக்குப் பத்திக்கிட்டு வரும்.

அவர் சொல்றது ஜக்தீஷ் சிங்கை. 2018 பியோங்சாங், 15 கிலோமீட்டர் கிராஸ் கன்ட்ரி ஸ்கீ. இது சும்மா சரிவுல வழுக்கிக்கிட்டு வர்ற சமாச்சாரம் இல்லைங்க. மேட்டுலயும் சொந்தக் கால், கை பலத்துல ஏறணும். மனுஷன் சுமார் 43 நிமிஷத்துல முடிச்சார். அதாவது மணிக்கு 21 கிலோமீட்டர். சாயங்காலம் ஆவடி - பூந்தமல்லி ரோட்டுல நம்ம பஸ் அந்த வேகம் போகுதா? அவருக்குப் பின்னாடியும் ஆட்கள் வந்தாங்க, அதை யாரும் சொல்றதில்லை.

ஸ்வீடன்ல வாசாலோப்பெட்னு ஒரு பந்தயம், 1922லேருந்து நடக்குது. 90 கிலோமீட்டர். சென்னையிலேருந்து காஞ்சிபுரத்தையும் தாண்டின தூரம். அங்க ஆயிரக்கணக்கான சாதாரண ஜனங்க, ஜெயிக்க மாட்டோம்னு தெரிஞ்சேதான் ஓடறாங்க. கடைசியா வர்றவனைப் பார்த்து யாரும் "தண்டம்"னு சொல்றதில்லை.

"நமக்குத்தான் பனியே இல்லையே?" குடகுல மட்டும் இருக்கா? அங்கேருந்து வந்த பவானி 2024ல குல்மார்க் கேலோ இந்தியா போட்டியில தங்கம் வாங்கினார். வெயில் காலத்துல ஸ்கீ வீரர்கள் சக்கரம் வெச்ச ரோலர் ஸ்கீல தார் ரோட்டுலதான் பயிற்சி பண்றாங்க. தார் ரோடு நம்மகிட்டயும் இருக்கு (குழி போக மிச்சம்).

பனி இல்லாதது குறையில்லை சார். முயற்சி பண்றவனைப் பார்த்து சிரிக்கிற புத்திதான் குறை.