சொல்லாமல் வைத்த அறிவு

ஏப்ரல் 15 லியனார்டோ டா வின்சியின் பிறந்த நாள். அவர் 1452இல் பிறந்தார். இத்தாலியப் பாடசாலையில் படிக்கும் எமது பிள்ளைகள் அவரை நன்கு அறிவார்கள். 'மோனா லிசா' ஓவியமும் பறக்கும் இயந்திரத்தின் படமும் அவர்களுக்குப் பழக்கமானவை. பிள்ளைகள் நூதனசாலைக்கு அழைக்கும்போது, "எங்களுக்கு அங்கே என்ன விளங்கப் போகிறது?" என்று பெற்றோர் பின்னிற்பது வழக்கம். பொலிதேயாமா சதுக்கத்தில் வாழ்வோர் இப்படி எண்ணத் தேவையில்லை. அங்குள்ள நாடக அரங்கிலேயே 1910 முதல் 2006 வரை பலெர்மோவின் நவீன ஓவியக்கூடம் இருந்தது. மேலும், லியனார்டோவின் கதை கல்லூரி காணாதவருக்கே அதிகம் விளங்கக்கூடியது.

அவர் முறைப்படி மணம் புரியாத பெற்றோருக்குப் பிறந்தவர். பல்கலைக்கழகம் சென்றவரல்லர், பட்டறையில் தொழில் பழகியவர். அக்காலத்து அறிஞர் மொழியான இலத்தீனை நாற்பது வயதை ஒட்டித் தாமாகவே கற்க முயன்றார். அப்படிப்பட்டவரை வைத்தியர்கள் இன்றும் ஆசானாகக் கொண்டாடுவதற்குக் காரணம் உண்டு.

1507–08 குளிர்காலத்தில் புளோரன்ஸ் நகரின் சாந்தா மரியா நுவோவா வைத்தியசாலையில் நூறு வயது கடந்த முதியவர் ஒருவருடன் அவர் உரையாடினார். தளர்ச்சியைத் தவிர வேறு நோயில்லை என்றார் முதியவர். சில மணி நேரத்தில், கட்டிலில் இருந்தபடியே அமைதியாக உயிர் நீத்தார். இத்தனை அமைதியான மரணத்துக்குக் காரணம் என்ன என்றறிய லியனார்டோ அவ்வுடலை அறுத்துப் பார்த்தார். இருதயத்துக்கு இரத்தம் கொடுக்கும் நாடி வற்றிச் சுருங்கியிருந்தது. இரண்டு வயதுக் குழந்தை ஒன்றின் உடலையும் ஆராய்ந்து, அங்கே எல்லாம் நேர்மாறாக இருந்ததைக் குறித்து வைத்தார். இன்று நாம் நாடித் தடிப்பு என்று கூறும் நோயின் மிகப் பழைய வர்ணனைகளுள் இது ஒன்று.

பின்னர் மாட்டின் இருதயத்தை ஆராய்ந்தார். பெருநாடியின் தொடக்கத்தைக் கண்ணாடியில் அமைத்து, புல்விதை கலந்த நீரை அதனுள் ஓடவிட்டுப் பார்ப்பதற்கும் குறிப்பு எழுதினார். அங்கே எழும் சுழிகளே வால்வு மூடுவதற்கு உதவுகின்றன என்பது அவர் முடிவு. 1968இல் ஒக்ஸ்போர்ட் ஆய்வாளர்கள் பரிசோதனை மூலம் இதனை உறுதி செய்தனர்.

ஆனால் இவ்வளவு அறிவும் அவர் காலத்தில் ஒரு நோயாளிக்கும் உதவவில்லை. உடன் உழைத்த வைத்தியப் பேராசிரியர் மார்கன்தோனியோ தெல்லா தொரே 1511இல் கொள்ளைநோயில் இறந்தார். லியனார்டோவும் எதனையும் அச்சிடாமலே 1519இல் மறைந்தார். அவருடைய உடற்கூற்றுத் தாள்கள் முழுமையாக அச்சேற ஏறக்குறைய நானூறு ஆண்டுகள் சென்றன.

இதற்கு மாறாக, 1847இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க வைத்தியர் சாமுவேல் கிறீன், மானிப்பாயில் தமிழிலேயே வைத்தியம் கற்பித்தார்; உடற்கூற்று நூலையும் தமிழில் அச்சிட்டார். அவரிடம் கற்ற தமிழ் வைத்தியர்கள் ஊரூராகச் சென்று நோய் தீர்த்தனர். வெளியே சொல்லப்பட்ட அறிவுக்கே பயனுண்டு.

நோயும் அப்படியே. தென்னாசியரான எம்மவரை இருதய நோய் பிறரை விட இளவயதிலேயே தாக்குகிறது. வீட்டு வேலைக்கு மாடிப்படி ஏறும்போது நெஞ்சு இறுகுகிறது, இடது கையிலோ தாடையிலோ நோவு பரவுகிறது, வியர்க்கிறது. "வாய்வுதான்" என்று தண்ணீர் குடித்துவிட்டு வேலையைத் தொடர்வோர் பலர். ஒருநாள் சம்பளம் போய்விடும் என்ற பயம் ஒருபுறம். இத்தாலிய மொழியில் விளக்க முடியாதென்ற கூச்சம் மறுபுறம். நோவு அடங்காமல் நின்றால் 112ஐ அழைக்க வேண்டும். வேலையின்போது வந்து, ஓய்ந்ததும் போகும் இறுக்கமாயினும் குடும்ப வைத்தியரிடம் அந்நாளே சொல்ல வேண்டும். மொழி தெரிந்த பிள்ளை துணைக்கு வரட்டும்.

மாதத்தின் முதல் ஞாயிறுகளில் அரச நூதனசாலைகளுக்கு அனுமதி இலவசம். அந்த நாளொன்றில் பிள்ளைகளுடன் சென்று வாருங்கள். வழியில் அந்த நூறு வயது முதியவரின் கதையைத் தமிழில் சொல்லுங்கள். உங்கள் நெஞ்சில் ஏதும் நோவு இருந்தால் அதையும் மறைக்காது சொல்லிவிடுங்கள்.