வியூஸ் ஒரு தகுதியா?

"யூடியூபர்மார் பொக்சிங்கை நாசமாக்கிட்டாங்கள்" எண்டு புலம்புறவங்களோட எனக்கு உடன்பாடில்லை. குத்துச்சண்டையில் காசும் களியாட்டமும் எப்போதும் இருந்தன. 1976இலேயே முகமது அலி டோக்கியோவில் ஒரு மல்யுத்த வீரரோட மோதினவர். பழசைப் புனிதமாக்கத் தேவையில்லை. என்ர கோபம் வேற.

2019 நவம்பரில் லொஸ் ஏஞ்சலிஸில் கேஎஸ்ஐயும் லோகன் போலும் மோதினார்கள். இரண்டு யூடியூபர்களுக்கும் அதுதான் முதலாவது தொழில்முறைப் போட்டி. ஆனால் அன்றைய பிரதான நிகழ்ச்சியே அவங்கட சண்டைதான். உலகப் பட்டம் வைத்திருந்த பில்லி ஜோ சோண்டர்ஸும் டெவின் ஹேனியும், பெரிய கோஷ்டி மேடையேறும்வரை சனத்தை இருத்திவைக்கிற சின்னக் கோஷ்டி மாதிரி முன்னால வந்து போனார்கள். வருசக்கணக்கா ஜிம்மில அடிவாங்கி ஏறுற படிக்கட்டுக்குப் பக்கத்தில ஒன்லைன் வீடியோ ஒரு லிஃப்ட் பூட்டிவிட்டது. அதில ஏற சப்ஸ்கிரைபர்ஸ் இருந்தாப் போதும்.

"புது ரசிகர்கள் வந்தாங்கள்தானே?" வந்தாங்கள், மறுக்கேல்லை. 2022இல் கேட்டி டெய்லரும் அமண்டா செரானோவும் நியூயோர்க் மடிசன் ஸ்கொயர் கார்டனில் பிரதான போட்டியில் மோதிய முதல் பெண்களானார்கள். அதை ஏற்பாடு செய்தவர்களில் லோகனின் தம்பி ஜேக் போலும் ஒருவர். அந்தப் புகழ் அவருக்குச் சேரட்டும்.

ஆனால் 2024 நவம்பரில் டெக்சாஸில் அதே இரண்டு பெண்களும் பத்துச் சுற்று, செரானோவின் முகத்தில் இரத்தம் வழிய மோதியது, இன்னொரு சண்டைக்கு முந்தின நிகழ்ச்சியாகத்தான். பிரதான சண்டை 27 வயது ஜேக் போலுக்கும் 58 வயது மைக் டைசனுக்கும். டைசனின் வயிற்றுப்புண்ணால் ஏற்கெனவே ஒருமுறை பிற்போடப்பட்ட போட்டி அது. வழமையான 10 அவுன்சுக்குப் பதில் 14 அவுன்ஸ் கையுறை, மூன்று நிமிடத்துக்குப் பதில் இரண்டு நிமிடச் சுற்று. இருந்தும் மாநில அதிகாரிகள் அதைத் தொழில்முறைப் போட்டியாக அங்கீகரித்தார்கள். ஆபத்தில்லையெண்டா ஏன் விதியை இளக்கினீங்கள்? ஆபத்தெண்டா ஏன் அனுமதி குடுத்தீங்கள்?

வியூஸ் ரிக்கெட் விக்கட்டும், விளம்பரம் செய்யட்டும். ஆனால் ஆர் ரிங்குக்குள்ள ஏறலாம் எண்டதை அது தீர்மானிக்கக் கூடாது. மற்ற விளையாட்டில தகுதியில்லாதவர் தோத்துப்போவார், அவ்வளவுதான். இங்க அடி விழுறது மூளைக்கு.

பழியை யூடியூபர்மாரின் தலையில் மட்டும் கட்டேலாது. அனுமதி குடுத்தது அதிகாரிகள், ஒளிபரப்பியது நெட்பிளிக்ஸ், பாத்தது நாங்கள். நானும்தான். அந்தச் சனிக்கிழமை டைசன் எப்ப வருவார் எண்டு போனைப் பிடிச்சுக்கொண்டு இருந்தனான். டெய்லரும் செரானோவும் மோதேக்க நான் பாதி நேரம் வட்ஸ்அப்பில.