இரண்டு குழந்தைகளுக்குப் பிறகு ஒரு கோப்பை

போன வாரம் பரணை ஒழித்தபோது ஒரு பித்தளைக் கப் அகப்பட்டது. பத்தாவது படிக்கும்போது டெனிகாய்ட் போட்டியில் நான் வாங்கியது. உள்ளே நிறையப் பழைய பட்டன்கள்! "அம்மா, நீ விளையாடுவியா?" என்று என் பெண் கண்ணை அகல விரித்தாள். "அதெல்லாம் கல்யாணத்துக்கு முன்னாடி" என்றேன். சொன்ன பிறகு மனசு என்னவோ போலாகிவிட்டது.

அன்று மத்தியானம், அவள் நூலகத்திலிருந்து எடுத்து வந்திருந்த புத்தகத்தைப் புரட்டினேன். அதில்தான் க்ளென்னா காலெட் வேர் என்ற அமெரிக்கப் பெண்மணியைச் சந்தித்தேன். கால்ஃப் வீராங்கனை.

கால்ஃப் ஒன்றும் புரியாத வித்தையில்லை, சகோதரிகளே. சின்னப் பந்தைக் கோலால் அடித்து, தூரத்திலுள்ள குழியில் போட வேண்டும். குறைந்த அடிகளில் போட்டவருக்கு அந்தக் குழி சொந்தம். அதிகக் குழிகளை ஜெயித்தவருக்கு ஆட்டம்.

க்ளென்னா 1903ல் பிறந்தவர். சிறுமியாக இருந்தபோது சகோதரனோடு பேஸ்பால் ஆடப் போனாராம். பெண்பிள்ளைக்கு அது வேண்டாமே என்று டென்னிஸ் பக்கம் திருப்பினார் தாயார். எந்த ஊரானால் என்ன, அம்மாக்கள் ஒரே மாதிரிதான்! பதினாலு வயதில் அப்பாவோடு கால்ஃப் மைதானத்துக்குப் போனார். அதோடு அதுவே அவர் ஆட்டமாயிற்று.

1922ல், பத்தொன்பதாவது வயதில், அமெரிக்கப் பெண்கள் அமெச்சூர் சாம்பியன். 1924ல் ஆடிய அறுபது ஆட்டங்களில் ஒன்றில்தான் தோல்வி! 1925, 1928, 1929, 1930 என்று மறுபடியும் பட்டங்கள். அமெச்சூர் என்றால் பரிசுப் பணம் கிடையாது. கோப்பை மட்டும்தான்.

தோல்வியும் இல்லாமலில்லை. பிரிட்டிஷ் பட்டம் கடைசி வரை அவருக்குக் கிட்டவேயில்லை. 1929ல் ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸில் நடந்த இறுதி ஆட்டத்தில் ஐந்து குழிகள் முந்தியிருந்தார். அப்படியிருந்தும் ஜாய்ஸ் வெதர்ட் அவரைத் தோற்கடித்துவிட்டார். அடுத்த வருஷமும் இறுதி ஆட்டத்தில் தோல்விதான்.

1931ல் எட்வின் வேர் என்பவரோடு கல்யாணம். அந்த வருஷமும் 1932லும் அமெரிக்க இறுதி ஆட்டத்துக்கு வந்து தோற்றார். பிறகு இரண்டு குழந்தைகள். 'இனி இவர் அவ்வளவுதான்' என்று நாமே சொல்லியிருப்போம், இல்லையா?

1935ல் மின்னசோட்டாவில் அதே போட்டி. இறுதி ஆட்டத்தில் எதிரே நின்றது பதினேழே வயதான பாட்டி பெர்க். மினியாபொலிஸ்காரி, அந்த ஊர்ச் செல்லப் பெண். க்ளென்னாவுக்கு முப்பத்திரண்டு வயது. முப்பத்தாறு குழி ஆட்டத்தில், இரண்டு குழிகள் பாக்கியிருக்கும்போதே மூன்று குழி முந்தி ஜெயித்துவிட்டார்! ஆறாவது பட்டம். அந்த ஆறை இன்று வரை எந்தப் பெண்ணும் எட்டவில்லை.

அவர் வசதியான குடும்பத்துப் பெண். நமக்கிருக்கும் அடுப்பும் தண்ணீர்க் குடமும் அவருக்கு இருந்திருக்காது. ஆனாலும் பிள்ளை பெற்ற உடம்பு எல்லாருக்கும் ஒன்றுதானே! எண்பது வயதைத் தாண்டியும் கால்ஃப் ஆடினார். 1989ல், எண்பத்தைந்தாவது வயதில் காலமானார்.

இளம் தாய்மார்களுக்கு ஒரு வார்த்தை. பிரசவமானதும் குதிக்க ஆரம்பித்துவிடாதீர்கள். டாக்டரைக் கேட்டுக்கொண்டு, முதலில் கொஞ்சம் நடந்து பழகுங்கள். ஆனால் 'முன்னாடி' என்ற ஒரு வார்த்தையால் உங்களுக்குப் பிடித்ததைப் பரணில் ஏற்றிவிடாதீர்கள்.

நேற்று சாயங்காலம் மொட்டை மாடியில் பெண்ணோடு டெனிகாய்ட் ஆடினேன். பத்து நிமிஷத்தில் மூச்சு வாங்கியது. "இந்த வயசுலே இதென்ன கூத்து?" என்றார் மாமியார். கொஞ்ச நேரம் பார்த்தவர், "அடுத்ததை இடது கையாலே பிடி" என்றாரே பார்க்கலாம்!

பட்டன்களை ஒரு டப்பாவில் கொட்டிவிட்டேன். கப் இப்போது ஹால் அலமாரியில் இருக்கிறது.