கணைக்கால் ரத்தம் பதக்கம் அல்ல

ஒருவர் டெட்லிஃப்ட் செய்யும், அதாவது எடை மாட்டிய ராடைத் தரையிலிருந்து தூக்கி நிமிரும் விதத்தை அவருடைய கணைக்காலே காட்டிக் கொடுத்துவிடும். முழங்காலுக்கு ஒரு சாண் கீழே, எலும்பின் முகட்டில் ஒரு செங்கோடு. அதன்மேல் பழைய பொருக்கு. பொருக்கு உதிர்ந்த இடத்தில் மறுபடியும் புதுக் காயம். ஜிம்முக்குப் போகும் இளைஞர்கள் பலர் இதைப் படமெடுத்து இன்ஸ்டாகிராமில் போடுகிறார்கள். உழைப்பின் அடையாளம் என்று சில மாஸ்டர்களும் தட்டிக் கொடுக்கிறார்கள். அவர்கள் முதலில் பார்க்க வேண்டியது அந்தப் பையன் எங்கே நிற்கிறான் என்பதை.

ராடு உடம்பை ஒட்டித்தான் மேலே வர வேண்டும். அதில் மாற்றுக் கருத்தே இல்லை. நிறைகுடத்தை இடுப்பில் இடுக்கிக்கொண்டு தெருக்கோடி வரை நடப்பவர், அதையே கையை நீட்டிப் பிடித்தால் நாலடி தாண்ட மாட்டார். 100 கிலோ ராடும் அப்படித்தான். அது முன்னால் விலகும் ஒவ்வோர் அங்குலத்துக்கும் கீழ்முதுகு விலை கொடுக்கிறது. ஆனால் ஒட்டி வருவது வேறு, தோலைக் கிழிப்பது வேறு. பிடி வழுக்காமலிருக்க ராடில் வெட்டியிருக்கும் சொரசொரப்பு அரத்தைப் போன்றது. கணைக்கால் எலும்பின் மேலோ தோலைத் தவிர மெத்தென்று ஒன்றும் கிடையாது.

கிழிவதற்குப் பெரும்பாலும் காரணம் தொடக்க நிலைதான். ராடை முட்டிக்கொண்டு நின்று, ஸ்குவாட்டுக்கு உட்காருவதுபோல இடுப்பைத் தாழ்த்துகிறார்கள். முழங்கால் முன்னே போய் ராடின் பாதையை மறிக்கிறது. ராடு பாதத்தின் நடுப்பகுதிக்கு நேர்மேலே இருக்கட்டும். நிமிர்ந்து நிற்கும்போது கணைக்காலுக்கும் அதற்கும் சுமார் ஓர் அங்குல இடைவெளி வேண்டும். ராடை நகர்த்தாமல் குனிந்து பிடித்து, கணைக்கால் அதை லேசாகத் தொடும்வரை முழங்காலை மடக்கி, நெஞ்சை நிமிர்த்தி, வயிறு நிறைய மூச்சிழுத்து இறுக்கி, தரையைக் காலால் தள்ள வேண்டும். இறக்கும்போது முதலில் இடுப்பு பின்னே போக வேண்டும். ராடு முழங்காலைத் தாண்டிய பிறகே முழங்கால் மடங்க வேண்டும். இறக்குவதில் அவசரப்பட்டுக் காயம்பட்டவர்கள் ஏராளம்.

சிறிய ஜிம்களில் இன்னொரு சிக்கல் உண்டு. போட்டிகளில் பெரிய பிளேட்டின் விட்டம் 45 செ.மீ.; ஆகவே ராடு தரையிலிருந்து 22.5 செ.மீ. உயரத்தில் நிற்கும். 5 கிலோ, 10 கிலோ சின்ன இரும்புப் பிளேட்டுகளோடு பழகும் புதியவரோ அதைவிடத் தாழக் குனிகிறார், முதுகு வளைந்துவிடுகிறது. இருபுறமும் மரக்கட்டை வைத்து ராடை உயர்த்திக் கொடுத்தால் போதும். பெரிய செலவு எதுவும் இல்லை.

சர்வதேச பவர்லிஃப்டிங் கூட்டமைப்பின் போட்டிகளில் டெட்லிஃப்டுக்குக் கணைக்காலை மூடும் நீளமான சாக்ஸ் கட்டாயம். தேர்ந்த வீரர்களே மூடிக்கொண்டு தூக்கும்போது, நேற்று சேர்ந்தவர் வெறுங்காலைக் காட்டித் தூக்குவதில் என்ன வீரம்?

காயம் அவரோடு முடிவதும் இல்லை. ராடின் வரிகளுக்குள் உலர்ந்த ரத்தம் அடுத்தவர் உள்ளங்கையில் படுகிறது. காய்ப்பு உரிந்த கையாக இருந்தால் தொற்றுக்கு அதுவே வாசல். ஹெபடைடிஸ் பி வைரஸ் உடம்புக்கு வெளியே குறைந்தது 7 நாள் தொற்றும் தன்மையோடு இருக்கக்கூடியது.

சிராய்ப்பு ஏற்பட்டால் ஓடும் நீரில் சோப்புப் போட்டுக் கழுவி, வாசலின் தடவி, பிளாஸ்திரியால் மூட வேண்டும். மஞ்சள்தூளை அப்ப வேண்டாம். டெட்டனஸ் ஊசி போட்டுப் பத்தாண்டு கடந்திருந்தால் மருத்துவரைப் பார்க்க வேண்டும். சர்க்கரை நோயாளிகள் கால் காயத்தைச் சின்னதென்று ஒருநாளும் விட்டுவிடக் கூடாது.

ஜிம் நடத்துகிறவர்களிடம் ஒரு வேண்டுகோள்: டெட்லிஃப்ட் செய்யும் இடத்தில் ஒரு பிரஷ்ஷும் கிருமிநாசினி பாட்டிலும் வையுங்கள். ரத்தம் பட்ட ராடைத் துடைக்காமல் அடுத்தவரிடம் கொடுக்காதீர்கள்.