முத்திரையில் இல்லாத எண்

எஃகு அமைச்சகத்தின் ஆணை 2025 ஜூன் 13, வெள்ளிக்கிழமை வந்தது. இறக்குமதியாகும் எஃகுப் பொருள் மட்டுமல்ல, அதை உருட்ட எடுத்த மூல எஃகும் பி.ஐ.எஸ். தரத்துக்கு உட்பட வேண்டும் என்றது. 16ஆம் தேதி, திங்கள் முதல் கப்பலேறும் சரக்குக்கு இது பொருந்தும் என்றும் சொன்னது. இடையில் கிடைத்தது ஒரு சனி, ஒரு ஞாயிறு. சில வகைத் தட்டை எஃகுக்கு ஏப்ரல் 21 முதலே 12 சதவீதத் தற்காலிகப் பாதுகாப்பு வரியும் சேர்ந்திருந்தது.

ஆணையின் நோக்கம் சரி. இவ்விதழ் அதை ஆதரிக்கிறது. ஆனால் ஆணையால் எஃகு வாங்கும் ஆலை மாறும்போது டை வடிவமைப்பாளரின் கணினியில் என்ன நடக்கிறது என்பதை எவரும் கேட்கவில்லை.

அசோக் லேலண்டையும் என்பீல்டையும் சுற்றி எண்ணூரிலும் திருவொற்றியூரிலும் வளர்ந்த பிரஸ் ஷாப்களில் வழக்கமான ஒரு வேலையை எடுத்துக்கொள்வோம். 0.8 மி.மீ. சி.ஆர். ஷீட், பக்கத்துக்கு ஆறு சதவீத கிளியரன்ஸ், அதாவது 0.048 மி.மீ. கணினி மாடலின் வெட்டுப் பகுதியில் 0.02 மி.மீ. மெஷ் போட்டால் பஞ்ச்சுக்கும் டைக்கும் நடுவே இரண்டு எலிமென்ட்தான் நிற்கும். முறிவு அளவைத் தாண்டிய எலிமென்டை மென்பொருள் நீக்கிவிடும். அதோடு அந்த உலோகமும் கணக்கிலிருந்து மறையும். பர் உயரம் 0.08 மி.மீ.க்குள் என்று டிராயிங் சொன்னால், அந்த வரம்பே நான்கு எலிமென்ட். மெஷைப் பாதியாக்கினால் முறிவுத் திரிபை மறுபடி சரிக்கட்ட வேண்டும். இவ்வளவு நுணுக்கமான கணக்கை எதன்மேல் நிறுத்துகிறோம்? காயிலோடு வரும் மில் சர்டிபிகேட்டின் மேல். வேதிச் சேர்க்கை, ஈல்டு, டென்சைல், நீட்சி, கடினம்: அதில் வழக்கமாக இருப்பது இவ்வளவுதான்.

இழுவைச் சோதனைத் துண்டில் மூவச்சுத் தகைவு விகிதம் (ஸ்ட்ரெஸ் டிரையாக்சியாலிட்டி) 0.33இல் தொடங்குகிறது. பஞ்ச் இறங்கும்போது அது சுழிக்குப் பக்கத்தில், சில நேரம் அதற்கும் கீழே. அந்தப் பகுதியில் உலோகம் எப்போது விரிசல் விடும் என்பதை நீட்சி சதவீதம் சொல்லாது. ஒரே கிரேடு, ஒரே பி.ஐ.எஸ். முத்திரை, இரண்டு ஆலைகள். மாங்கனீஸ் சல்பைடு துகள்களின் அளவும் பரவலும் வேறாக இருந்தால் வெட்டு முகத்தில் பளபளப்புப் பட்டையின் உயரம் மாறும், பர் மாறும். பழைய காயிலுக்குச் சரிக்கட்டிய மாடல் புதிய காயிலுக்கு உதவாது.

இந்தப் பக்கங்களில் இதை ஆண்டுக்கணக்கில் எழுதிவருகிறோம். வெட்டு முறிவுச் சோதனைக்கு இயந்திரங்கள் நாட்டில் உண்டு. சோதிக்கத் தெரிந்தவர்களும் உண்டு. ஆனால் மக்கள் வரிப்பணத்தில் எடுத்த அளவீடு ஆய்வுக் கட்டுரையில் ஒரு வரைபடமாக முடிந்துவிடுகிறது. மூல எண்கள் டூல் ரூமுக்கு வருவதே இல்லை. பெரிய வாகன நிறுவனம் காசு கொடுத்துச் சோதித்துக்கொள்ளும். இருபது பேர் வேலை செய்யும் ஷாப் டையைத் திரும்பத் திரும்பத் தீட்டி, ரிஜெக்ஷன் சீட்டை வாங்கி, நஷ்டத்தைத் தானே சுமக்கிறது. முத்திரைக்காகக் கட்டணம் வாங்கத் தெரிந்த அரசுக்கு, முத்திரைக்குள் இருக்கும் உலோகத்தைப் பற்றி நமக்குச் சொல்லும் பொறுப்பு இல்லையா? தரக் குழுக்களில் எஃகு ஆலைகளின் குரல் கேட்கிறது. டை செய்பவரின் குரல் கேட்கிறதா?

கேட்பது பெரிதல்ல. உரிமம் பெறும் ஆலை ஒவ்வொன்றும் ஒவ்வொரு கிரேடுக்கும் வெட்டு முறிவுச் சோதனையைச் செய்து, அதன் எண்களை மெஷ் அளவோடு சேர்த்து பி.ஐ.எஸ்.ஸிடம் ஒப்படைக்கட்டும், பி.ஐ.எஸ். அதைக் கட்டணமில்லாமல் தன் தளத்தில் வெளியிடட்டும். அடுத்த ஆணைக்கு முன்பாவது சி.ஆர். ஷீட்டுக்கான தரமான ஐ.எஸ். 513ஐத் திருத்தும் குழுவில் பிரஸ் ஷாப்களுக்கு ஓர் இடம் கொடுக்கட்டும்.