நானுஓயாத் தோட்டப் பாடசாலைகளின் பரீட்சைப் பெறுபேறுகள்: கோரிக்கை மனு

பெறுநர்:
மாகாணக் கல்விச் செயலாளர், மத்திய மாகாணம்
மாகாணக் கல்விப் பணிப்பாளர், மத்திய மாகாணம்
வலயக் கல்விப் பணிப்பாளர், நுவரெலியா

அனுப்புநர்:
பெற்றோர், பழைய மாணவர் சங்கம், நானுஓயா

விடயம்: கணித, விஞ்ஞான ஆசிரியர் நியமனமும் உயர்தர விஞ்ஞானப் பிரிவும்

மதிப்புக்குரிய ஐயா / அம்மணி,

நானுஓயா நகரிலும் ரதல்ல, கிளாசோ, டெஸ்போட், எடின்பரோ முதலிய தோட்டங்களிலும் இருந்து பிள்ளைகளைப் பாடசாலைக்கு அனுப்பும் பெற்றோர் நாங்கள். சாதாரண தரப் பெறுபேறு வெளிவரும் போதெல்லாம் ஒரே கேள்விதான் எழுகிறது: சித்தி வீதம் ஏன் குறைவு? அதிகாரி அதிபரைக் கேட்கிறார், அதிபர் ஆசிரியரைக் கேட்கிறார், ஆசிரியர் எங்களைக் கூப்பிட்டுக் கேட்கிறார். கடைசியில் பிள்ளைதான் தலைகுனிந்து நிற்கிறது. பத்தாம், பதினோராம் ஆண்டுகளில் அந்தப் பிள்ளைக்குக் கணித ஆசிரியர் எத்தனை மாதம் இருந்தார் என்று எவரும் கேட்பதில்லை. அதைக் கேட்கவே இந்த மனு.

உயர்தரத்துக்குத் தகுதிபெற ஆறு பாடங்களில் சித்தி வேண்டும். அவற்றில் முதல்மொழியும் கணிதமும் அடங்க வேண்டும், மூன்று பாடங்களில் திறமைச் சித்தியும் வேண்டும். தமிழிலும் சமயத்திலும் வரலாற்றிலும் நல்ல புள்ளி எடுத்த பிள்ளை, கணிதம் என்ற ஒரே பாடத்தில் ‘டபிள்யூ’ வந்ததால் வெளியே நின்றுவிடுகிறது. அப்படி நின்றவர்கள் கொழும்புக் கடைகளுக்கும் ஆடைத் தொழிற்சாலைகளுக்கும் போய்விட்டதை எங்கள் லயங்களில் வீட்டுக்கு வீடு கேட்டறியலாம்.

ஆசிரியர் ஏன் இல்லை என்பது தங்களுக்குத் தெரியாததல்ல. எங்கள் பகுதிப் பிள்ளைகளில் உயர்தரம் வரை போகிறவர்கள் பெரும்பாலும் கலைப் பிரிவிலேயே சேர்கிறார்கள், அருகில் கிடைப்பது அதுதான். கலைப் பிரிவில் படித்தவர் ஆசிரியராகத் திரும்பி வந்தாலும் கணிதமோ பௌதிகவியலோ கற்பிக்க முடியாது. அந்தப் பாடங்களுக்கு வெளிமாவட்டத்திலிருந்து வருகிறவர், தங்க இடமின்றி, குளிரும் தனிமையும் தாங்காமல், காலம் முடிந்ததும் ஊருக்கு இடமாற்றம் பெறுகிறார். அவரைக் குறைசொல்ல எங்களுக்கு மனமில்லை. ஆனால் அவர் போன பின் அந்த வகுப்பு ஆசிரியர் இன்றியே பரீட்சை மண்டபத்துக்குப் போகிறது. அடுத்த தலைமுறைக்கும் விஞ்ஞான ஆசிரியர் உருவாகாமல் போகிறார். இந்தச் சுற்றை ஓரிடத்தில் அறுத்தாக வேண்டும்.

இதன் வேர் பழையது. 1945இல் நாட்டுக்கு இலவசக் கல்வி வந்தபோது தோட்டப் பாடசாலைகள் துரைமாரின் பொறுப்பிலேயே, ஆரம்ப வகுப்புகளோடு விடப்பட்டன. 1972, 1975 காணிச் சீர்திருத்தங்களுக்குப் பிறகே அரசு அவற்றைப் படிப்படியாக ஏற்றது. கொட்டகலை பத்தனையில் ஸ்ரீபாத கல்வியியற் கல்லூரி வந்தது பெரும் நன்மை, அதை நன்றியோடு நினைக்கிறோம். பின்னர் மலையகப் பாடசாலைகளுக்குச் சுமார் 3,000 ஆசிரிய உதவியாளர்கள் எடுக்கப்பட்டார்கள். தொடக்கத்தில் மாதம் 6,000 ரூபா கொடுப்பனவில் எங்கள் பிள்ளைகளுக்குப் படிப்பித்தவர்கள் அவர்கள். ஆனாலும் கணித, விஞ்ஞான இடைவெளி அடைபடவில்லை.

மருத்துவம், பொறியியல் போன்ற துறைகளின் பல்கலைக்கழக அனுமதியில் 40 வீதம் அகில இலங்கைத் திறமைக்கும், 55 வீதம் மாவட்டங்களுக்கும், 5 வீதம் கல்வியில் பின்தங்கிய மாவட்டங்களுக்கும் ஒதுக்கப்படுகிறது. அந்தப் பின்தங்கிய மாவட்டப் பட்டியலில் நுவரெலியாவும் உண்டு. விஞ்ஞானப் பிரிவே எட்டாத தோட்டத்துப் பிள்ளைக்கு அந்த ஒதுக்கீட்டால் என்ன பயன்? எங்கள் பின்தங்கிய நிலையையும் சேர்த்துக் கணக்கிட்டுத்தானே இந்த மாவட்டம் பட்டியலில் இடம்பெற்றது?

ஆகவே முதலாவதும் முதன்மையானதுமான கோரிக்கை: நானுஓயாப் பகுதியில் ஒரு தமிழ்மொழிப் பாடசாலையைத் தெரிவுசெய்து, ஆய்வுகூடத்தோடும் ஆசிரியர் விடுதியோடும் உயர்தரக் கணித, விஞ்ஞானப் பிரிவை நடத்துங்கள். நுவரெலியா பத்துக் கிலோமீற்றருக்குள்தானே, அங்கே போகலாமே என்று எங்களிடம் சொல்லப்படுகிறது. டிவிசனிலிருந்து பிரதான வீதிக்கு இறங்கி வரவே ஒரு மணித்தியாலம் பிடிக்கும் பிள்ளைகள் இங்கே இருக்கிறார்கள். மாலையில் மேலதிக வகுப்பு முடிந்து, பனிமூட்டத்தில், பஸ் இல்லாத தோட்டப் பாதையில் ஒரு பெண்பிள்ளை தனியே ஏறி வரவேண்டும் என்பதையும் எண்ணிப் பாருங்கள்.

கணித, விஞ்ஞான ஆசிரியர் எவரையும் பதிலாள் வந்து கடமையேற்கும் முன் விடுவிக்கக் கூடாது. வருடாந்த இடமாற்றத்தில் இதை எழுத்தில் உறுதிசெய்யுங்கள்.

வலயம் வெளியிடும் பெறுபேற்று அறிக்கையில், ஒவ்வொரு பாடசாலையின் பாடவாரிச் சித்தி வீதத்துக்குப் பக்கத்தில், அந்தப் பாடத்துக்கு ஆசிரியர் இருந்த மாதங்களும் குறிக்கப்பட வேண்டும். இதற்குப் பணம் தேவையில்லை. இரண்டு எண்களும் அருகருகே வந்தால் யார் தவறினார் என்பது எல்லோருக்கும் விளங்கும்.

ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசில் பற்றியும் சொல்ல வேண்டும். வெட்டுப்புள்ளியைத் தாண்டிய பிள்ளைகளின் படத்தைப் பெனரில் போட்டு நாங்களும் மகிழ்கிறோம். அவர்களில் பலர் ஆறாம் ஆண்டில் பெரிய பாடசாலைகளுக்குப் போய்விடுவார்கள். எஞ்சிய பிள்ளைகளில் எழுத்துக்கூட்டி வாசிக்கத் தடுமாறுகிறவர்களும் உண்டு. 2020இல் கொவிட் தொற்றால் பாடசாலைகள் மூடப்பட்டபோது ஆரம்ப வகுப்பில் இருந்து, கைத்தொலைபேசியும் சிக்னலும் இல்லாமல் படிப்பைத் தவறவிட்டவர்கள் இவர்களில் இருக்கிறார்கள். 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலும் மண்சரிவும் வந்து, உயர்தரப் பரீட்சையே இடைநிறுத்தப்பட்டது. இப்படித் தவறிய படிப்பை ஈடுசெய்ய, ஆறாம், ஏழாம் ஆண்டுகளில் வாசிப்புக்கும் அடிப்படைக் கணிதத்துக்கும் தனி ஆசிரியரோடு மீட்பு வகுப்பு நடத்தப்பட வேண்டும். சாதாரண தரத்துக்கு மூன்று மாதம் இருக்கும்போது நடக்கும் கருத்தரங்குகளால் இந்தக் குறையைத் தீர்க்க முடியாது.

தோட்டத்தில் பேர் விழுந்த, அதாவது வேலைக்குப் பதிவான, நாளுக்குத்தான் எங்களுக்குச் சம்பளம். அதிலிருந்து நகரத்து டியூசனுக்குக் கட்டணம் ஒதுக்க எங்களால் முடியாது. அரச பாடசாலையில் அரச ஆசிரியர் கற்பிப்பதைத் தவிர எங்கள் பிள்ளைகளுக்கு வேறு வழி கிடையாது.

சங்கப் பிரதிநிதிகளைச் சந்திக்க இம்மாதத்துக்குள் ஒரு தினம் ஒதுக்கித் தருமாறும், பாடவாரி ஆசிரியர் வெற்றிட விபரத்தை அந்தச் சந்திப்பில் எங்களுக்குக் கையளிக்குமாறும் பணிவுடன் வேண்டுகிறோம். பெற்றோரின் கையொப்பங்கள் இத்துடன் இணைக்கப்பட்டுள்ளன.

இவ்வண்ணம்,

தலைவர், செயலாளர், பொருளாளர்
பெற்றோர், பழைய மாணவர் சங்கம், நானுஓயா

பிரதி: மத்திய மாகாண ஆளுநர், நுவரெலியா மாவட்டப் பாராளுமன்ற உறுப்பினர்கள்